தன் கையே தனக்குதவி: எதுவரை?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நம் பங்கு வாலிபர் ஒருவர் அருகில் வந்தார். பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளை, கல்லூரி வரை படித்தவர். கையில் ஒரு புத்தகம் வைத்திருந்தார். வீட்டுத் தோட்டம், மழைநீர், எரு, விதை, கோழி வளர்ப்பு என்று குடும்பத்துக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் வகைகளைக் கற்பிக்கும் புத்தகம் அது. "ஐயா, இதையெல்லாம் படித்துக் கற்றுக்கொள்ள ஆசை. அப்பாவோ, தறிக்குழியில் இருக்க வேண்டியவனுக்கு மண்வெட்டி எதற்கு, புத்தகத்தைப் பார்த்து எவன் பயிர் வைத்தான் என்கிறார். மாமா வேறு விதமாகச் சொல்கிறார். ஊரே ஒருவரையொருவர் நம்பிப் பிழைக்கும்போது, யார் தயவும் வேண்டாம் என்று தனியாகப் பிழைக்கப் பார்ப்பது கிறிஸ்தவனுக்கு அழகா என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

வாசலில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

முதலில் மாமாவின் கட்சியை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் நம் ஆரணி வீதியில் பாவு நீட்டியிருக்கும்போது சற்று நின்று பாருங்கள். அந்தப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்துப் புழுக்கூட்டிலிருந்து எடுத்தது. ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. சாயம் எங்கோ ஓர் ஆலையில் பிறந்தது. முறுக்கியவர் ஒருவர், சாயம் தோய்த்தவர் ஒருவர், பாவு பிணைத்தவர் ஒருவர், ஜக்கார்டுக்கு அட்டை அடித்தவர் இன்னொருவர். இத்தனை பேர் கை பட்ட பிறகுதான் நெய்கிறவர் குழியில் காலை வைக்கிறார். நெய்து முடித்த சேலையை யாரோ ஒரு மணப்பெண் உடுத்துகிறாள். நெய்தவர் மனைவி அதை உடுத்துவது அபூர்வம். ஆக, பிறரை நம்பிப் பிழைப்பது நம் ஊரின் தொழிலிலேயே ஊறிக்கிடக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாமா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

மறு பாதியை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வருஷம் மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு. கலியாணங்கள் நின்றன. கலியாணம் நின்றால் பட்டுக்கு ஏது கிராக்கி? வீட்டில் விலையுயர்ந்த சேலை மடித்து வைத்திருக்கும், அடுப்பில் வைக்க ஒரு பிடி கீரை இராது. இந்த விபரீதத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் பலர். இது புதிதுமன்று. 1876 முதல் 1878 வரை இந்தப் பகுதிகளை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கஷ்டம் வந்தால் ஜனங்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். மழை பெய்து விளைந்தாலும் விளையாவிட்டாலும், கிராமத்தார் கையில் காசு இல்லையென்றால் நெசவாளி வீட்டில் வேலை இல்லை. அந்தப் பஞ்சத்துக்குப் பின் அரசாங்கம் எழுதிய நிவாரண விதிகளில் நெசவாளருக்கென்று தனி ஏற்பாடு சேர்க்க வேண்டியிருந்தது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கையைப் பார்த்து ரோட்டு வேலைக்கு வா என்று கூப்பிடுவதில் பிரயோஜனமில்லை என்பதை அதிகாரிகள் பட்ட பிறகே அறிந்தார்கள்.

ஆகையால், பிறரை நம்பிப் பிழைப்பது ஒன்று, பிறர் கைவிட்ட மறுநாளே பட்டினி என்ற நிலையில் இருப்பது வேறொன்று. முன்பணம் வாங்கிய இடத்தில் கூலியைக் குறைத்தாலும் வாய் திறக்க முடியாமல் நிற்கும் தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் ஒரு முருங்கையும் நாலு கோழியும் இருந்தால் அவன் பணக்காரன் ஆகிவிடமாட்டான். ஆனால் "இந்தக் கூலிக்கு நெய்யமாட்டேன்" என்று ஒரு வாரமாவது சொல்லிப் பார்க்கலாம். அந்த ஒரு வாரம் சிறிய காரியம் அன்று.

அதற்காக, எல்லாவற்றையும் நாமே விளைத்துக்கொள்வோம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 50 கிலோ அரிசி என்றால், வருஷத்துக்கு 600 கிலோ. அத்தனை அரிசிக்கு 900 கிலோவுக்கு மேல் நெல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் விளைகிற நிலத்தில்கூட இதற்கு ஏறக்குறைய அரை ஏக்கர் பிடிக்கும். நம் வீதிகளில் கொல்லைப்புறம் இரண்டு சென்டு இருந்தால் அதுவே பெரிய கொல்லை! ஆகவே அரிசிக்கு ஆரணி ஆலைகளை நம்பித்தான் ஆகவேண்டும். உப்பு, எண்ணெய், மருந்து எதற்கும் அப்படியே. பூரண தன்னிறைவு என்பது ஓர் ஆசைப் பேச்சு. ஆனால் தண்ணீரைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடிக் கூரை என்பது சுமார் 56 சதுர மீட்டர். வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் நம் ஜில்லாவில், சிந்தியதும் சிதறியதும் போக, அந்தக் கூரையிலிருந்து நாற்பதாயிரம் லிட்டருக்குமேல் பிடிக்கலாம். 2003ல் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர்ச் சேமிப்பைச் சட்டமாக்கினார்கள். குழாய் வைத்தோம். அதன் வாயில் அடைந்த இலைச்சருகை எத்தனை பேர் எடுத்தோம்? கமண்டல நாகநதி வறண்டு கிடக்கிறதென்று பெருமூச்சு விடுகிற நாம், நம் கூரைமேல் விழுந்ததைச் சாக்கடைக்கு அனுப்பிவைக்கிறோம்.

இனி அப்பாவின் கேள்வி. புத்தகத்தைப் பார்த்து எவன் பயிர் வைத்தான்? நம் பாஷையில் நூல் என்றால் இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டே நூலுக்கு இலக்கணம் சொன்னார். ஆரணியில் இருக்கிற நமக்கு இந்த ஒப்புமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை புத்தகம் படித்தாலும் அறுந்த இழையைப் பிணைக்க விரல் பழக வேண்டும். அப்பா சொல்வது சரிதானே என்பீர்கள். சரிதான். அதை நானே கெட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உற்சாகத்தில், வீட்டுத் தண்ணீரை வீணாக்காமல் வாழைக்குப் பாய்ச்சும் முறையை ஒரு புத்தகத்தில் படித்தேன். வட்டமாகக் குழி வெட்டி, நடுவில் சருகும் குப்பையும் நிரப்பி, ஓரத்தில் வாழைக்கன்று நட்டு, குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதில் விடுவது. நல்ல முறை. நானும் செய்தேன். கன்றுகள் தளதளவென்று வந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதிகப் புத்திசாலித்தனம் யாரை விட்டது? பக்கத்து வீட்டில் பட்டு வேகவைத்த தண்ணீர் அண்டா அண்டாவாகச் சாக்கடையில் போவதைப் பார்த்து, அதையும் ஆறவைத்து வாழைக்குத் திருப்பிவிட்டேன். பட்டின் பசை போக சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்த தண்ணீர் அது. மூன்று வாரத்தில் இலை ஓரம் கருகியது, இரண்டு மாதத்தில் மண் மேல் வெள்ளை பூத்தது. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதை எழுதியவருக்கு ஆரணி தெரியாது.

எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர், எழுத்து வாசனை அறியாதவர், வந்து எட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, அந்தத் தண்ணி ஓடற சாக்கடை ஓரத்துல அருகம்புல்லாவது முளைச்சிருக்குதா, பாத்தீங்களா?" என்று கேட்டார். நாற்பது வருஷமாக அந்தச் சாக்கடையைத் தாண்டிப் போகிறேன். நான் பார்த்ததில்லை.

இந்த வீட்டுக்கலைகளை ஒழுங்கான பாடமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மாலிசன் என்பவரும் அவர் மாணாக்கர் டேவிட் ஹோம்கிரன் என்பவரும். நிலைத்த வேளாண்மை என்று பொருள்படும்படி ‘பெர்மாகல்ச்சர்’ என்ற புதுச் சொல்லை உண்டாக்கி 1978ல் புத்தகம் வெளியிட்டார்கள். காடு யாரும் உழாமல், யாரும் எருவிடாமல் தழைக்கிறதே, அதன் ஒழுங்கைப் பார்த்து நம் கொல்லையையும் வயலையும் அமைத்துக்கொள்ளக் கூடாதா என்பது அவர்கள் யோசனை. இதைக் கற்பிக்க 72 மணி நேரப் பாடம் ஒன்று வகுத்தார்கள். தேசதேசாந்தரங்களில் இன்றும் அது நடக்கிறது. மாலிசன் நம் தேசத்துக்கும் வந்து கற்பித்தார். 2017ல் ஐதராபாத்தில் இந்த வழியினரின் உலக மாநாடே கூடியது. ஹோம்கிரன் 2002ல் எழுதிய நூலில் பன்னிரண்டு நெறிகளை வகுத்திருக்கிறார். அவற்றுள் முதலாவது என்ன தெரியுமா? செய்வதற்குமுன் கூர்ந்து பார் என்பதே. பாட்டி என்னிடம் கேட்டதும் அதைத்தானே!

அப்படியானால் பாட்டி போதுமே, புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மண் ஏன் வெளுத்தது, அதற்குப் பரிகாரம் என்ன என்று பாட்டிக்குத் தெரியாது. சோடா ஊறிய மண் களர் ஆகும் என்றும், ஜிப்சம் இட்டுக் கழுவித் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கினால் தேறும் என்றும் எனக்குச் சொன்னது மறுபடியும் புத்தகந்தான். மேலும், எல்லார் வீட்டிலும் பாட்டி இல்லை. தகப்பனுக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தெரியாமல் போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. விதை கட்டி வைக்கவும், கீரை இனம் பார்க்கவும், கோழியை அடை வைக்கவும் தெரிந்தவர்கள் நம் பங்கில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அறுந்த இடத்தில் பிணைப்பதற்குத்தான் படிப்பு. படிப்பை இகழ்கிறவன், இழை அறுந்த பாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகிறவனுக்கு ஒப்பானவன்.

படித்ததை மறந்து மறுபடி படித்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நம்மாழ்வார் 1938ல் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். வேளாண்மைப் பட்டம் பெற்று, கோவில்பட்டி அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே செய்கிற ஆராய்ச்சி மானாவாரி ஏழைக் குடியானவனுக்குப் பயன்படவில்லை என்று மனம் நொந்து, 1969ல் அந்த வேலையை விட்டார். விட்டுப் போன இடம் எது என்பதுதான் நமக்கு விசேஷம். பெல்ஜியம் தேசத்தவரும் அர்ச். சாமிநாதர் சபைக் குருவும் 1958ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவருமான தோமினிக் பீர் சுவாமியார், ‘சமாதானத் தீவு’ என்ற பெயரில் ஏழைக் கிராமங்களில் ஒரு முயற்சி தொடங்கியிருந்தார். தானம் கொடுத்துவிட்டுப் போவதன்று, ஜனங்கள் தாங்களே செய்துகொள்ளக் கற்கும்வரை கூட இருந்துவிட்டு விலகிக்கொள்வது அதன் முறை. திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டில் அப்படி ஒன்று நடந்தது. நம்மாழ்வார் அங்கே பல வருஷம் உழைத்தார். பட்டம் வாங்கியவர் குடியானவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீண்டும் பால பாடம் படித்தார். பிற்காலத்தில் கரூர் ஜில்லா கடவூரில் ‘வானகம்’ என்ற இடத்தை உண்டாக்கி, வறண்ட நிலத்தைத் தழைக்கச் செய்து, வருகிறவர்களுக்கெல்லாம் கற்பித்தார். 2013 டிசம்பர் 30ல் காலஞ்சென்றார். அவ்விடத்தில் இன்றும் வாலிபர்கள் கற்கிறார்கள்.

அவருக்கும் முந்தியவர் ஜே. சி. குமரப்பா. 1892ல் தஞ்சையில் பிறந்தவர். கத்தோலிக்கர் அல்லர், ஆனாலும் நல்ல கிறிஸ்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்துவிட்டு, பம்பாயில் நல்ல வரும்படியோடு இருந்தவர், காந்தியடிகளோடு சேர்ந்து எல்லாவற்றையும் உதறினார். 1934ல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தி, செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி என்று கிராமக் கைத்தொழில்களைப் படிப்புள்ளவனின் கண்கொண்டு ஆராய்ந்தார். 1945ல் சிறையிலிருந்து அவர் எழுதிய புத்தகம் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மாலிசனுக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே ‘நிலைத்த’ என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டிருந்தார், பாருங்கள். ஜீவராசிகள் பிழைக்கும் வகைகளை அதில் படிப்படியாக வைக்கிறார். கொன்று தின்னும் புலி அடியில். கூட்டாக உழைத்துக் கூட்டுக்குச் சேர்க்கும் தேனீ அதற்கு மேலே. தான் தின்னாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை எல்லாவற்றுக்கும் மேலே. தனக்கு வேண்டியதைத் தான் தேடிக்கொள்கிறவன் புலியைவிட மேலானவன், சந்தேகமில்லை. ஆனால் அவன் உச்சிப்படியில் இல்லை. நம் வாலிபரின் மாமா தேடிக்கொண்டிருந்த வார்த்தை இதுவாக இருக்கலாம்.

மாமா இன்னும் திருப்தியடையாவிட்டால், அர்ச். ஆசீர்வாதப்பரிடம் அழைத்துப் போகிறேன். பெனடிக்ட் என்று இப்போது எழுதுகிறோம். ஆறாம் நூற்றாண்டில் அவர் தம் சந்நியாசிகளுக்கு எழுதி வைத்த ஒழுங்கு 73 அதிகாரங்கள் கொண்டது. அதன் 48ஆம் அதிகாரத்தில், சந்நியாசி எந்த நேரம் கையால் உழைக்க வேண்டும், எந்த நேரம் வாசிக்க வேண்டும் என்று இரண்டையும் ஒருங்கே வகுக்கிறார். வாசிப்பு ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கவில்லை. 66ஆம் அதிகாரம் இன்னும் விசேஷம். தண்ணீர், மாவு அரைக்கும் ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் எல்லாம் கூடியவரை மடத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறார். தன்னிறைவுக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா? ஆனால் அந்த அதிகாரம் எதைப் பற்றியது? வாசற்காவல் சகோதரரைப் பற்றியது! வாசலில் புத்தியுள்ள ஒரு முதியவரை வைக்கவேண்டும், யார் தட்டினாலும், ஏழை கூப்பிட்டாலும், அவர் உடனே அன்போடு பதில் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்து, அதே மூச்சில் தோட்டத்துக்கும் ஆலைக்கும் வருகிறார். உள்ளே எல்லாம் இருக்கட்டும், வாசலில் ஆள் இருக்கட்டும். இரண்டும் ஒரே அதிகாரம். நான் இதை முதலில் வாசித்தபோது தோட்டத்தை மாத்திரம் பார்த்தேன். வாசற்காவலரைப் பார்க்க இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருந்தது.

மாலிசன் வழியாரும் மூன்று தர்மங்களைச் சொல்கிறார்கள். மண்ணைப் பேணுவது, மனிதரைப் பேணுவது, மிஞ்சியதைப் பங்கிடுவது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். விட்டுவிட்டால் அந்தத் தோட்டம் வேலி போட்ட சொத்து. மாமா அதைச் சுயநலம் என்று சொன்னால் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமாகாது. காலை முதல் இரவு வரை தறிக்குழியில் உட்கார்ந்து ஒரு சேலையை முடிக்கப் பல நாள் பாடுபடுகிறவரிடம் போய், "நீர் தோட்டம் போடும், புத்தகம் படியும், தன்னிறைவு அடையும்" என்று உபதேசம் பண்ணலாமா? வாடகை வீட்டில் கொல்லை இல்லாதவளிடம்? நியாயமான கூலி கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல், "கீரை விளைத்துக்கொள்" என்று புத்திமதி சொன்னால் அது புத்திமதியா, தப்பிப்பா? ஆகையால் நான் சொல்வது தறியில் இருக்கிறவர்களுக்கு முந்தி, என்னைப் போலப் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு. நமக்கு நேரம் இருக்கிறது. கொல்லை இருக்கிறது. கண்ணாடி போட்டால் எழுத்தும் தெரிகிறது. நாம் படிப்போம், நாம் கெட்டுத் தேறுவோம். தேறியதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் செலவழிக்க முடியாதவருக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுப்போம். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2015ல் சிருஷ்டிப்பைப் பேணுவது பற்றி உலகுக்கு எழுதிய நிருபத்தில், பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒரே காதால் கேட்கச் சொன்னதற்கு நம் வீதியில் இதுவே அர்த்தம் என்று நினைக்கிறேன்.

அந்த வாலிபருக்கு என் பதில்: தம்பி, தாராளமாகப் படியும். அப்பாவிடம் தறியையும் விடாமல் கற்றுக்கொள்ளும். ஆறு மாதம் கொல்லையை வெறுமனே பாரும். வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே புல் முளைக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையும். பிறகு கீரையில் ஆரம்பியும். பட்டு வேகவைத்த தண்ணீரை மாத்திரம் பக்கத்தில் கொண்டுவராதேயும்! என் கொல்லையில் அந்த மூலை இன்னும் முழுவதும் தேறவில்லை. இரண்டாம் முறை தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன்.

மற்றொரு மூலையில் முருங்கை நன்றாக வந்திருக்கிறது. மழைக்கு முன் கிளை கழிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு போத்து தேறும். கைப்பருமனும் மூன்று முழ நீளமுமாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். வேண்டியவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோயில் வேப்பமரத்தடிக்கு வரலாம். கொல்லை இல்லாதவர்களும் வாருங்கள். கோயில் கிணற்றடியில் இரண்டு நடுவதற்குப் பங்குச் சாமியாரிடம் உத்தரவு கேட்டிருக்கிறேன். அந்த மரத்துக் கீரையை யார் வேண்டுமானாலும் ஒடித்துக்கொண்டு போகலாம்.